ஆர்க்டிக் எலியும் நம்ம ஊரு உள்ளானும்

கம்பத்துல என்ன ஸ்பெஷல்? திராட்சை, சுருளி அருவி, முல்லைப் பெரியாறுனு அடுக்குவீங்க. 'ரஷ்யாவிலிருந்து விருந்தாளிங்ககூட வர்றாங்க'னு நான் சொன்னா, 'பாவம், அரியர் ஜாஸ்தியாயிடுச்சு போல'னு சிரிப்பீங்க. நம்புங்க பாஸ்!

மார்கழி லீவுல தாத்தாவோட வயலுக்குப் போயிருந்தேன். நடவு முடிஞ்ச சேத்துல, பழுப்பு முதுகுல வெள்ளைப் பொட்டு வெச்ச ஒரு குருவி வாலை ஆட்டிக்கிட்டே புழு பொறுக்குது. "உள்ளான்டா. கோடை வந்தா காணாமப் போயிடும்" என்றார் தாத்தா. எங்கே போகுதுனு அவருக்கும் தெரியல. அப்புறம் புத்தகத்தைப் புரட்டினா... பொரி உள்ளானாம்! வட ஐரோப்பா, சைபீரியா சதுப்பு நிலங்கள்ல முட்டையிட்டுட்டு, குளிருக்கு நம்ம நெல் வயலைத் தேடி வருது.

இதோட சொந்தக்காரர் ஒருத்தர் இன்னும் பெரிய கில்லாடி. அலகு கீழே வளைஞ்சிருக்கிறதால வளைமூக்கு உள்ளான்னு வெச்சுக்குவோம். எடை 60 கிராம் சொச்சம். வீடு, ஆர்க்டிக் கடலை ஒட்டின சைபீரியாவின் டைமிர் பகுதி. அங்கிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர் பறந்து நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரைக்கு வருது. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல வருஷமா பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்றாங்க.

இந்தப் பறவையோட குடும்பக் கதை சினிமாவுக்கே சவால்! பெண் முட்டையிட்டதுமே ஆண் எஸ்கேப். குஞ்சுகள் வளர்ந்ததும் அம்மாவும் கிளம்பிடும். குஞ்சுகள்? வழிகாட்ட யாருமே இல்லாம, கடைசியா தானாவே தெற்கே பறந்து வருது. என்னை ஹாஸ்டல்ல விட அப்பா, சித்தப்பா, ரெண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் பாட்டில் தேவைப்பட்டது! அதுல பல குஞ்சுகள் முதல் வருஷம் ஊருக்கே திரும்பாம இங்கேயே தங்கிடும்.

சரி, எலி எங்கே வந்தது? டைமிர்ல லெம்மிங்னு ஒரு குட்டி எலி இருக்கு. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டம் கூட்டமா பெருகும், அப்புறம் சடார்னு குறையும். எலி நிறைய இருந்தா ஆர்க்டிக் நரிக்கு அதுவே பிரியாணி. எலி இல்லாத வருஷம் நரி உள்ளான் கூட்டுக்கு வந்துடும். முட்டையும் குஞ்சும் காலி. அந்த வருஷம் தெற்கே வர்ற கூட்டத்துல இளசுகளே அபூர்வம். அங்கே எலி குறைஞ்சா, இங்கே கடற்கரையில தெரியும்!

அந்த எலி பனிக்கு அடியிலதான் குளிர்காலத்தை ஓட்டுது. குளிர்காலத்துலேயே பனி உருகி, மறுபடி உறைஞ்சு கெட்டியாயிட்டா, சாப்பாடு கிடைக்காது. கிழக்கு கிரீன்லாந்தில் 2000-ஐ ஒட்டி இந்த ஏற்ற இறக்கமே படுத்துடுச்சு. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியா போற வளைமூக்குகள் வழியில இறங்கிச் சாப்பிடுற மஞ்சள் கடல் சேத்துத் திட்டுகளை மனுஷங்க மண் போட்டு மூடிட்டாங்க. 2024 அக்டோபர்ல ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல் இந்தப் பறவையை அழியும் ஆபத்துள்ள இனமா உயர்த்திடுச்சு. இந்த 'பிரமோஷன்' யாருக்கு வேணும்?

பார்க்கணும்னா அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கோடியக்கரை பக்கம் போங்க. பைனாகுலர் கடன் வாங்கிக்குங்க. அப்போ உடம்பு சாம்பல் கலர்லதான் இருக்கும். ஏப்ரல்ல போனா, கிளம்புறதுக்கு முன்னாடி செங்கல் சிவப்புக்கு மாறிக்கிட்டு இருக்கும். கல்யாண டிரெஸ்!

எலிக் கதையைத் தாத்தாகிட்ட சொன்னேன். "ஊர் பேர் தெரியாத எலிக்கும் நம்ம பக்கத்துக்கும் கணக்கு இருக்கா?"னு ரொம்ப நேரம் சிரிச்சார். எங்க வயல்ல அன்னிக்கு எண்ணினேன், ஒன்பது பொரி உள்ளான். வரப்புக்கு அந்தப் பக்கம் போன வருஷம் பிளாட் கல் நட்டுட்டாங்க. அங்கே ஒண்ணுகூட இல்லை.