மரக்கிண்ணத்தில் ஏறும் வண்ணம்

தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் அருகே தில்லி ஹாட் என்ற சந்தை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொடங்கிய சந்தை இது. பல மாநிலக் கைவினைஞர்கள் முறை வைத்து இங்கே வந்து கடை போடுகிறார்கள்.

அங்கே கடைசல் மரச்சாமான்களும் வரும். கிண்ணம், குங்குமச் சிமிழ், பம்பரம், கிலுகிலுப்பை எல்லாம் உண்டு. கர்நாடகத்துச் சென்னபட்டணமும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவும் இதற்குப் பெயர் போன ஊர்கள். நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் இந்த வகைதான்.

சாமான்கள் பளபள என்று மின்னும். அது பெயிண்ட் அல்ல. அரக்கு.

அரக்கு எப்படிக் கிடைக்கிறது? புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி ஒட்டி வாழ்கிறது. அது சுரக்கும் பிசின்தான் அரக்கு. சூடு பட்டால் இளகும். ஆறினால் இறுகும். அரக்கை உருக்கி, வண்ணம் கலந்து, குச்சியாக உருட்டி வைக்கிறார்கள்.

கிண்ணம் செய்ய வெட்பாலை மரம் ஏற்றது. வெள்ளையான, மென்மையான மரம். அதை நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈர மரத்தில் செய்தால் பிறகு வெடித்துவிடும். மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் பொருத்தி, உளியால் கடைகிறார்கள். கிண்ணம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வதால் சூடு உண்டாகிறது. அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. தூரிகையே வேண்டாம்! பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

வண்ணம் எதிலிருந்து வருகிறது? இதுதான் முக்கியமான கேள்வி. முன்பு செடிகளிலிருந்து எடுத்தார்கள். மஞ்சள் கிழங்கில் மஞ்சள் நிறம். அவுரியில் நீலம். இரண்டும் சேர்ந்தால் பச்சை. பிறகு ரசாயனப் பொடிகள் வந்தன. விலை மலிவு, நிறமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் சில பொடிகளில் ஈயம் இருக்கிறது. குழந்தை பொம்மையை வாயில் வைக்கும். ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக உடலில் சேரும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஏட்டிகொப்பாக்காவில் செடிச் சாயங்களை மீண்டும் கொண்டுவர உழைத்தவர் சி.வி. ராஜு. 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 குடியரசு நாள் அணிவகுப்பில் ஆந்திர மாநில ஊர்தி, தில்லி வீதியில் இந்தப் பொம்மைகளோடு வந்தது.

செடிச் சாயத்திலும் குறை உண்டு. மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். சாயம் எடுக்க நாளும் உழைப்பும் கூடுதல். அதனால் விலையும் கூடும். பாதி விலைக்குக் கேட்பவர்கள் இதை நினைப்பதில்லை.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே அங்கே முத்திரையைத் தேடிப் பயன் இல்லை. என்ன சாயம் என்று செய்தவரிடமே கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

அரக்குப் பூசிய கிண்ணத்தில் சூடான ரசம் ஊற்றக் கூடாது. அரக்கு இளகிவிடும். சோடா உப்பும் அதைக் கரைக்கும். முந்திரி, திராட்சை போன்ற உலர்ந்த பண்டங்களை வைக்கலாம். அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் வைத்தால் போதும்.