பசளைப் பையில் மூன்று எண்கள்

பிள்ளைகளே, ரொறொன்ரோவின் பார்க்டேலில் மில்கி வே என்றொரு ஒழுங்கை உண்டு. அங்கேயுள்ள ஒரு தோட்டத்தை 2017இல் அப்பகுதி மக்களின் நில அறக்கட்டளை விலைக்கு வாங்கியது. திபெத்தியர் பலர் அங்கே மரக்கறி வளர்த்திருக்கிறார்கள். இப்படியான சின்னத் தோட்டங்களுக்குக் கூட்டெரு போதும். ஆனால் உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள், ஊரில் வயலுக்கு யூரியா எறிந்த கதையைச் சொல்லுவார். ஏன் அங்கே யூரியா?

பசளைப் பைகளில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது நைதரசனுக்கு, இரண்டாவது பொசுபரசுக்கு, மூன்றாவது பொற்றாசியத்துக்கு. யூரியாப் பையில் 46-0-0 என்றிருக்கும். இந்த எண்கள் வீதத்தைக் குறிப்பவை; அப்படியென்றால் 50 கிலோப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது.

காற்றில் 78 வீதம் நைதரசன்தானே, செடி அதை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா செய்து காட்டினார். யூரியா பிறப்பது அந்த அமோனியாவிலிருந்துதான்.

அதற்கு முன்பு? யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாட்டார்கள். இரவில் தோட்டத்தில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்தார்கள். 1962இல் இலங்கை அரசு பசளைக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. எச்-4 போன்ற புதிய நெல்லினங்களும் வந்திருந்தன. பசளை, புது நெல், நீர்ப்பாசனம் எல்லாம் சேர்ந்து, ஒரு ஹெக்டேயரின் விளைச்சலைப் பல பத்தாண்டுகளில் இரட்டிப்புக்கு மேல் உயர்த்தின.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரென்று நிறுத்தியது. இனிக் கூட்டெரு போன்ற சேதனப் பசளை மட்டும் என்றார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ கூட்டெருவில் ஏறத்தாழ 1 முதல் 2 கிலோ நைதரசன்தான் இருக்கும். ஒரு பை யூரியாவுக்கு ஈடாக ஒரு தொன்னுக்கும் மேல் கூட்டெரு வேண்டும்! அதுவும் மண்ணில் மெதுவாக மக்கித்தான் சத்தைக் கொடுக்கும். நாடு முழுவதுக்கும் அவ்வளவு எரு எங்கே கிடைக்கும்? நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் மழைக்கால நெற்பருவமான பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தின் நெல் அறுவடை, முந்தைய ஆண்டைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

அப்போ யூரியாவை அள்ளிப் போடலாமா? அதுவும் கூடாது. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்; அதனூடாக நீர் எளிதில் இறங்கும். செடி குடிக்காமல் விட்ட நைதரசன், நைத்திரேற்றாகி மழைநீரோடு கிணற்றுக்கு இறங்குகிறது. பல கிணறுகளில் அது குடிநீருக்கான அளவைத் தாண்டியிருக்கிறது.

கூட்டெரு மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். யூரியா வேகமாகச் சத்தைக் கொடுக்கும். இரண்டையும் அளவறிந்து, பயிர் கேட்கும் நேரத்தில் போடுவதே கெட்டித்தனம்.

செய்து பாருங்கள்: இரண்டு தயிர்க் கோப்பைகளின் அடியில் துளையிட்டு, ஒன்றில் கழுவிய மணலும் மற்றதில் கூட்டெரு கலந்த மண்ணும் நிரப்புங்கள். இரண்டிலும் கடுகு விதைத்து யன்னலோரம் வையுங்கள். முதலில் இரண்டும் ஒன்றுபோல முளைக்கும், ஏனென்றால் விதைக்குள்ளேயே உணவு இருக்கிறது. பிறகு மணலில் உள்ள செடியின் எந்த இலை முதலில் மஞ்சளாகிறது, அடியிலையா நுனியிலையா? பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.