பொழுதுபோக்காகப் பறப்போர் ஏன் சிலரே?

கோலார் தங்கவயலின் சயனைடு மண்மேடுகளுக்கு மேலே, சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே செல்லும் விமானங்கள் பறப்பதைக் காணலாம். அவற்றில் பயணம் செய்தோர் இவ்வூரில் உண்டு. ஆனால், மட்டைப்பந்து ஆடுவதுபோல் மகிழ்ச்சிக்காகவே சிறு விமானம் ஓட்டுவோர் இந்தியா முழுவதிலும் மிகச் சிலரே.

ஆர்வம் இல்லாமையா காரணம்? அன்று. 1910இலேயே சென்னையில் விடுதி நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர் பல்லாவரத்தில் விமானம் ஓட்டிக் காட்டினார். 1929இல் ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். இருவரும் வசதி படைத்தவர்கள் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

சட்டம் பெருந்தடையாக இல்லை. 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, உடல்தகுதி, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் ஆகியவை இருந்தால் தனியார் விமானி உரிமம் பெறலாம். அந்த 40 மணி நேரமே பூட்டாக அமைகிறது. மணிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு இலட்சம் ஆகிவிடும். பெரிய விமானங்களுக்கான எரிபொருள், பெரும்பாலான சிறு விமானங்களுக்குப் பயன்படாது. அவற்றுக்கு உரிய தனிவகைப் பெட்ரோல் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் அதனை வடோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. பறந்த மணிகளைக் கணக்கிட்டு எஞ்சினைச் சோதிக்கும் செலவும் உண்டு.

பலரும் எண்ணிப் பாராத காரணம் ஒன்றுள்ளது. இவ்வுரிமம் கொண்டு ஊதியத்திற்கு விமானம் ஓட்ட இயலாது. அதற்கான வணிக உரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கடன் வாங்கும் குடும்பம் வேலை தரும் உரிமத்தையே நாடும். விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்வோர் வாழும் ஊரில் இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பயிற்சிப் பள்ளிகளிலும் விமானி வேலையை விரும்புவோரே மிகுதியாகச் சேர்கின்றனர்.

மிதிவண்டியை ஓராண்டு தொடாதவரும் மீண்டும் ஏறி ஓட்டிவிடுவார். விமானம் அத்தகையதன்று. பழக்கம் விட்டுப்போனால் ஆபத்து. எனவே உரிமம் பெற்ற பின்னும் தொடர்ந்து பறக்க வேண்டும், அதற்கும் பணம் வேண்டும்.

அமெரிக்காவில் சிற்றூர்களிலும் ஓடுபாதைகள் உள்ளன. அங்கே ஆசிரியர், கடைக்காரர் எனப் பலர் கூட்டாகப் பணம் போட்டு ஒரே விமானத்தை வாங்கி, முறைவைத்துப் பறக்கின்றனர்.