பைன் பிசின்: காயத்துக்குக் கட்டு, காட்டுத்தீக்குத் தீனி

பண்டாரவளையிலிருந்து எல்லப் பக்கமோ அப்புத்தளைப் பக்கமோ போனால், தேயிலை மலைக்கு மேலே வரிசை பிடித்து நிற்கும் பைன் காடுகளைப் பார்க்கலாம். தோட்டத்து ஆட்கள் ‘பைனஸ்’ என்பார்கள். பைன் குடும்பத்து மரம் எதுவும் இலங்கையில் இயற்கையாக வளர்ந்ததில்லை. கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் பத்தனாப் புல்வெளிகளிலும் மண் காக்க, கரிபியப் பைனை வனத் திணைக்களம் 1970களிலும் 80களிலும் பெருமளவில் நட்டது.

சத்துக் கெட்ட மண்ணில் அது பிழைப்பதற்குக் காரணம் உண்டு. இலை ஊசியாகச் சுருங்கி மெழுகு பூசியிருப்பதால் நீரிழப்பு குறைவு. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, மண்ணிலுள்ள பொசுபரசைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. பூவும் கனியும் கிடையாது. மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது. பெண் கூம்பின் செதில்களுக்கிடையே சிறகுள்ள விதை முற்றுகிறது.

மரத்தின் பெரிய ஆயுதம் பிசின். பட்டையில் காயம் பட்டால், உள்ளே நுண்குழாய்களில் அழுத்தத்தோடு நிற்கும் பிசின் பீறிட்டு, துளைக்க வந்த வண்டையும் சேர்த்து மூடும். இதன் வேதியியல் எளிது. ஐந்து காபன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் வகை அலகுகள் இரண்டு இணைந்தால் பைனீன். பைன் காட்டு வாசனைக்கு இதுவே முக்கிய காரணம். நான்கு இணைந்தால் அபியெற்றிக் அமிலம் போன்ற கனமான பொருட்கள் உருவாகும். பைனீன் ஆவியாகிப் போக, அமிலம் இறுகிக் காயத்தை அடைக்கிறது.

ஆலையிலும் இதே பிரிவினைதான். பட்டையைக் கீறி எடுக்கும் பிசினைக் காய்ச்சி வடித்தால், ஆவியாகிக் குளிர்வது டர்பன்டைன். அடியில் தங்குவது ரோசின். முன்னது பெயின்ட் கரைக்கவும், பின்னது காகித ஆலைக்கும் வயலின் வில்லுக்கும் உதவுகிறது.

ஆனால் தீப்பொறி பட்டால் டர்பன்டைன் ஆவி சுமார் 35 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும். உதிர்ந்த ஊசிகளிலும் பிசின் உண்டு. அவை மெதுவாகவே மக்குவதால் தரையில் தடித்த மெத்தையாகச் சேர்கின்றன. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, பண்டாரவளை அமைந்த ஊவாவுக்கு வறண்டு இறங்குகிறது. அப்போது யாரோ வைக்கும் சிறு தீ மலையையே எரிக்கிறது.

அதற்காகப் பைனை முற்றாக வெட்டினால் சரிவு மீண்டும் மொட்டையாகும். சிங்கராஜ வனத்தோரம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க உள்ளிட்ட ஆய்வாளர்கள் பைன் வரிசைகளை இடையிடையே நீக்கி, அந்த வெளிச்சத்தில் உள்ளூர் மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். ஊவாவின் வறட்சியைத் தாங்கும் உள்ளூர் மரங்களைத் தேர்ந்து இங்கும் அதைச் செய்ய வேண்டும். அதுவரை, கோடையில் பைன் காட்டுக்குள் தீக்குச்சி உரசாதீர்கள்.