சுண்டெலியும் மனிதனும்: கொலஸ்ட்ராலின் பரம்பரை

கொலஸ்ட்ரால் என்னும் மெழுகு போன்ற பொருள் உணவின் வாயிலாக மட்டும் நமக்குக் கிடைப்பதன்று. அதன் பெரும்பகுதியை நம் உடலே உண்டாக்கிக்கொள்கிறது. அது நீரில் கரையாது. ஆதலால் புரதம் போர்த்த நுண்ணிய உருண்டைகளில் ஏறி இரத்தத்தில் உலவுகிறது. அவ்வுருண்டைகளுள் அடர்த்தி குறைந்தவை மிகுமாயின், இரத்தக் குழாய்களின் சுவர்களில் கொழுப்புப் படிகிறது. மனிதனுடைய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு இவற்றிலேதான் உள்ளது. சுண்டெலிக்கோ அடர்த்தி மிக்க உருண்டைகளில் உள்ளது. சாதாரணச் சுண்டெலிக்குக் குழாய் அடைப்பு எளிதில் வாராமைக்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து மருத்துவர்களான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும், 1970-ஐ அடுத்த ஆண்டுகளில், இளம் பருவத்திலேயே மாரடைப்புக்கு இலக்காகும் பரம்பரை நோயினரின் தோல் உயிரணுக்களை ஆராய்ந்தனர். அடர்த்தி குறைந்த உருண்டைகளைப் பற்றி உள்ளிழுக்கும் ‘ஏற்பி’ ஒன்று நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் உண்டு. இந்நோயினர்க்கு அது செயற்படவில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீனையே பெற்றிருந்தனர். இவ்வாராய்ச்சிக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1993-இல் அவர்களது குழுவினர் அதே ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினர். கொலஸ்ட்ரால் மிக்க தீனியைத் தின்றதும், அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்பு மண்டிற்று. அதே தீனியைத் தின்ற சாதாரணச் சுண்டெலிகளின் இரத்தத்திலோ பெரிய மாறுதல் இல்லை. உணவா, பரம்பரையா என்று வாதாடுவோர் இச்சிற்றுயிரை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

பழுதுற்ற ஜீன் ஒன்றை மட்டும் பெற்றவர், ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர். சைவ உணவினராயினும், மெலிந்த உடலினராயினும், பிறந்த நாள் முதலே அவர்க்குத் தீய கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஸ்டாட்டின் வகை மருந்துகள் ஈரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. குறையவே, எஞ்சிய நல்ல ஜீனைக் கொண்டு ஈரல் மேலும் ஏற்பிகளைத் தோற்றுவிக்கிறது.

அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தில், கணவன் மனைவி இருவரும் இப்பழுதைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியாயின் நான்கில் ஒரு பங்கு அளவு, குழந்தை இரண்டு பழுதுகளையும் பெற இடமுண்டு. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பெரியோரின் நோய் வரலாறு பல சமயம் தெரிவதில்லை. தந்தையோ பெரியப்பாவோ தாய்மாமனோ ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளானதுண்டா என ஊராரிடம் கேட்டறிந்து, மருத்துவரிடம் கூறுதல் நலம். குடும்பத்தில் ஒருவருக்கு இப்பழுது உறுதிப்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு.