டென்மார்க்கிலிருந்து சென்ற மூதாதையரைத் தேடுதல்: பெயரை விட ஊரே முக்கியம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1920கள் வரையான காலப்பகுதியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் டேனிஷ் மக்கள் தமது தாயகத்தை விட்டு வெளியேறினர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐக்கிய அமெரிக்காவிலேயே குடியேறினர். சொந்த நிலம் வாய்க்கப்பெறாத பண்ணைத் தொழிலாளர்கள், 1850 இல் கோப்பன்ஹேகனுக்கு வந்த மோர்மன் சபைப் போதகர்களைப் பின்பற்றி யூட்டாவுக்குச் சென்றோர், 1864 யுத்தத்தின் பின்னர் பிரஷ்ய இராணுவத்தில் பணிபுரிய விரும்பாத ஷ்லெஸ்விக் இளைஞர்கள் எனப் பலதரப்பட்டோரும் இதில் அடங்குவர். இவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தமது வேர்களைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். அத்தேடல் பெரும்பாலும் முதற்படியிலேயே தடுமாறுவது ஏன் என்பதை, தந்தையின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கி வரும் நம்மவர்கள் வேறெவரையும் விட இலகுவில் விளங்கிக்கொள்வர்.

டென்மார்க்கின் கிராமப்புறங்களில் குடும்பப் பெயர் என்பதொன்று நெடுங்காலம் வழக்கில் இருக்கவில்லை. பீட்டரின் மகன் ஹான்ஸ் எனின் அவர் ஹான்ஸ் பீட்டர்சென். அந்த ஹான்ஸின் மகன் யென்ஸ் ஹான்சென். மகள் காரென் ஹான்ஸ்டட்டர். ‘சென்’ மகனையும் ‘டட்டர்’ மகளையும் குறிக்கும். முஸ்லிம் வாசகர்களுக்கு ‘பின்’, ‘பின்த்’ என்பன நினைவுக்கு வரலாம். திருமணத்தின் பின்னரும் பெண் தன் தந்தையின் மகளாகவே ஏடுகளில் இடம்பெற்றாள். ஆகவே ஹான்சென் என்ற பெயரைக் கொண்டே தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல முனைபவர், தமக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு குடும்பத்தின் வம்சாவளியில் போய் விழ நேரிடும்.

இவ்வழக்கத்தை மாற்றி நிலையான குடும்பப் பெயரை ஏற்படுத்துமாறு 1828 இல் அரச ஆணை பிறப்பிக்கப்பட்டது. மக்கள் அதனை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 1856 இல் மீண்டும் சட்டம் வந்தது. நாளடைவில் எந்தத் தலைமுறையில் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ, அந்தத் தலைமுறைத் தந்தையின் பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராயிற்று. யென்சென், நீல்சென், ஹான்சென் என்போர் அந்நாட்டில் இன்றும் எண்ணற்றோராக இருப்பதற்கு இதுவே காரணம். கடல் கடந்தோரின் பெயர்களோ மேலும் உருமாறின. யென்ஸ் ஜேம்ஸ் ஆனார். ஹான்சென் ஹான்சன் ஆனார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த வில்லியம் நுட்சென், 1879 இல் கோப்பன்ஹேகனில் பிறந்தபோது சிக்னியஸ் வில்ஹெல்ம் போல் நுட்சென் ஆவார். எல்லிஸ் தீவின் குடிவரவு அதிகாரிகளே பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வழங்கும் கதை. அது நம்பத்தக்கதன்று. கப்பல் புறப்படும் துறைமுகத்தில் தயாரிக்கப்பட்ட பயணிகள் பட்டியலை வைத்தே அங்கு விசாரணை நடந்தது. பெயரை மாற்றியவர்கள் அநேகமாகக் குடியேறியவர்களே.

பெயர் கைவிடும்போது கைகொடுப்பது ஊர். இன்னும் சரியாகச் சொல்வதானால், பங்கு. ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலிருந்த கிராமங்களின் தொகுதியே பங்கு எனப்படுகின்றது. ‘டென்மார்க்கிற் பிறந்தவர்’ என்பது மட்டும் தெரிந்தால் ஏடுகளைத் திறக்கவும் இயலாது. பங்கின் பெயரைக் கண்டறியும் வேலை டென்மார்க்கில் அல்ல, அமெரிக்காவிலேயே ஆரம்பிக்க வேண்டும். பிரஜாவுரிமை ஆவணம், மரணச் சான்றிதழ், கல்லறை எழுத்து, குடியேறியோர் அமைத்துக்கொண்ட லூத்தரன் தேவாலயங்களின் பதிவுகள், பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய கடிதம் என்பவற்றில் எங்கேனும் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கும்.

அங்கு கிடைக்காதவிடத்துக் கோப்பன்ஹேகன் பொலிஸாரின் பதிவேடுகள் உதவும். பயண முகவர்களின் மோசடிகளிலிருந்து ஏழைப் பயணிகளைக் காக்கும் நோக்குடன் 1868 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, முகவர்களுடனான பயண ஒப்பந்தங்களைப் பொலிஸார் பரிசீலித்துப் பதிய வேண்டியிருந்தது. வெளிநாட்டு முகவர்களிடம் காணியையும் நகையையும் இழந்தோர் நிறைந்த நமது நாட்டில் இது ஒரு பெருமூச்சை வரவழைக்கக்கூடும். 1869 முதல் 1940 வரையான இவ்வேடுகளில் பயணியின் பெயர், வயது, தொழில், கடைசியாக வசித்த இடம், சேருமிடம் என்பன உள்ளன. எனினும் கடைசியாக வசித்த இடம் பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகம் வழியாகச் சென்றோரை அத்துறைமுகத்தின் பட்டியல்களிலேயே தேட வேண்டும். வடக்கு ஷ்லெஸ்விக் பிரதேசம் 1864 தொடக்கம் 1920 வரை டென்மார்க்கின் கையில் இருக்கவில்லை. ஆதலால் அங்கிருந்து சென்ற, டேனிஷ் மொழியையே பேசிய ஒருவர் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஜேர்மனியில் பிறந்தவராகக் காணப்படலாம்.

பங்கு தெரிந்துவிட்டால் வழி திறந்துவிடும். பிறப்பு, திருமணம், மரணம் யாவற்றையும் குருவானவர்கள் பதிய வேண்டுமென்ற ஆணை 17ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தது. 1814 முதல் அச்சிட்ட நிரல்களுடன் இரு பிரதிகள் எழுதப்பட்டன. ஒன்று குருவானவரிடமும் மற்றையது அவரது உதவியாளரிடமும் இருந்தன. இரண்டும் ஓரிரவேனும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்பது விதி. தீ விபத்தில் ஒன்று அழிந்தாலும் மற்றையது எஞ்சும் என்பதே அதன் நோக்கம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கும், 1990 ஒக்டோபரில் உறுதிகளையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இவ்விதியின் பெறுமதியை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இவ்வேடுகளின் நிழற்படிகளை டேனிஷ் தேசிய சுவடிகள் கூடம் இணையத்தில் இலவசமாகவே பார்வைக்கு வைத்துள்ளது. ஆயினும் வாசிப்பது இலகுவன்று. பழையவை கொதிக் கையெழுத்தில் அமைந்தவை. 1814 இற்கு முற்பட்ட பலவற்றில் திகதிக்குப் பதிலாகத் திருநாட்களின் பெயர்களே உள்ளன. ஒரே பங்கில் ஒரே பெயருடைய நால்வர் இருந்தால், அவர்களைப் பிரித்தறியக் குடிசன மதிப்பீடுகளை நாட வேண்டும். 1845 முதல் அவற்றில் பிறந்த பங்கும் குறிக்கப்பட்டது. ஆண்களாயின் இராணுவச் சேவைப் பட்டியலும் உண்டு. 1788 முதல் 1849 வரை கிராமத்து ஆண்பிள்ளைகள் பிறந்த காலந்தொட்டே அதில் சேர்க்கப்பட்டு, ஊர்விட்டு ஊர் சென்றபோதும் பின்தொடரப்பட்டனர். பெண்களுக்கு இத்தகைய பட்டியல் இல்லை. அவர்களைக் கண்டறியத் திடப்படுத்தல் பதிவே சிறந்தது. பெற்றோர் பெயர், பிறந்த திகதி ஆகியவற்றுடன் பெரியம்மைத் தடுப்பூசி ஏற்றப்பட்ட விபரமும் அதில் இருக்கும்.

1814 இற்குப் பிந்திய ஏடுகளில், பங்கிற்கு வந்தோரையும் பங்கை விட்டுச் சென்றோரையும் குறிக்கத் தனிப்பக்கங்கள் இருந்தன. அவை 1870களின் நடுப்பகுதி வரையே பேணப்பட்டன. சென்றோர் பக்கத்தில் பெரும்பாலும் அயற்பங்குகளின் பெயர்களே காணப்படும்; அவற்றின் நடுவே ஒருவரின் பெயருக்கு நேரே குருவானவர் ‘அமெரிக்கா’ என்று எழுதியிருப்பார்.