வென்றவருக்குப் பொருந்தாத பரிசு

பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1981 முதல் 1995 வரை ஒளிபரப்பாகிப் பெரும் பிரசித்தி அடைந்த ‘புல்ஸ்ஐ’ என்ற போட்டி நிகழ்ச்சியில், வட்டப் பலகையின்மீது சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் கை தேர்ந்த ஒருவரும், கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பை ஏற்ற இன்னொருவரும் ஜோடியாகக் கலந்துகொள்வது வழக்கம். கடைசிக் கட்டத்தை எட்டிய ஜோடி, அதுவரை வென்ற பரிசுப் பொருள்களைப் பணயமாக வைத்து, ஆளுக்கு மூன்று அம்பாக ஆறு அம்புகளில் 101 புள்ளிகளைச் சேர்த்துவிட்டால், திரைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த பெரும் பரிசு அவர்களைச் சேரும். பணயம் வைக்கும்வரை அந்தப் பரிசு இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. திரை விலகும்போது உள்ளே நிற்பது ஒரு காராகவோ, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியாகவோ இருக்கலாம். அல்லது, அந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அந்நாட்டினர் இன்றும் நினைவுகூரும் விசைப்படகாகவும் இருக்கலாம்.

கடலை விட்டு வெகு தொலைவில் உள்ள ஒரு தொழில் நகரத்தில், குறுகிய தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் இருவர் அந்தப் படகை வென்றதாக வைத்துக்கொள்வோம். படகை இரண்டாகப் பங்கு போட இயலாது. அதை நிறுத்திவைக்க இடம் வேண்டும். நீர்நிலைக்கு இழுத்துச் செல்லத் தனி வண்டியும், அதை இழுக்கத் தகுந்த சக்தியுள்ள காரும் வேண்டும். இன்ஷூரன்ஸ், பராமரிப்பு, எரிபொருள் என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். விற்றுவிடலாம் என்றால், கடையிலிருந்து வெளியே வந்த மறுகணமே எந்த வாகனமும் பழைய சரக்காகிவிடுகிறபடியால், மேடையில் அறிவித்த கிரயம் ஒருபோதும் கைக்கு வராது. வந்த தொகையை நண்பர்கள் இருவர் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்போது, லட்சக்கணக்கானோர் கண்டு களித்த அந்த வெற்றியின் மெய்யான அளவு எவ்வளவு சிறியது என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஒருவருக்கு எது உபயோகப்படும் என்று விசாரியாமல் பரிசைத் தேர்ந்தெடுப்பது கவனக்குறைவினால் நிகழ்வதன்று என்பதே இதில் நாம் முக்கியமாக அறிய வேண்டியது. அமெரிக்காவில் 1950-களின் பிற்பகுதியில், பெருந்தொகையை ரொக்கமாக வழங்கிய வினாடி வினா நிகழ்ச்சிகளில் சிலருக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த மோசடி அம்பலமானபின், ரொக்கப் பரிசுகளின் மவுசு குறைந்து பொருள்களின் ஆதிக்கம் ஓங்கியது. உற்பத்தியாளர் தம்முடைய குளிர்சாதனப் பெட்டியையோ சோபாவையோ இலவசமாகவோ சலுகை விலையிலோ கொடுப்பார்; நிகழ்ச்சியினர் அதன் பெயரையும் அழகையும் சில விநாடிகள் வர்ணிப்பார்கள். ஒருவருக்கு விளம்பரச் செலவு குறைகிறது. மற்றவருக்குப் பரிசுச் செலவு குறைகிறது. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர்கள் இவ்விருவர் மட்டுமே. பொருள் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக மேடையில் பேசப்படுகிறதோ, அந்தப் போட்டியாளர் அப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பரிசு பொருந்தாமற்போவது இந்த ஏற்பாட்டின் சுபாவத்திலேயே அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

நம்மை அறிந்தவர்கள் தரும் அன்பளிப்பிலேயே இந்த இழப்பு உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர், கிறிஸ்துமஸ் அன்பளிப்புகளைப் பற்றி மாணவர்களிடம் விசாரித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்தவர் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, பெறுகிறவர் கணக்கில் மதிப்பற்றுப் போகிறது என்று கணித்தார். தாயும் தமையனும் நண்பரும் தேர்ந்தெடுத்துத் தந்த பொருளுக்கே இந்தக் கதி என்றால், முகமறியாத விளம்பரதாரர் தேர்ந்த பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விதிவிலக்கும் உண்டு. 1956-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘தி ப்ரைஸ் இஸ் ரைட்’ நிகழ்ச்சியின் ஆரம்ப காலத்தில், பியானோ வென்ற ஒருவருக்கு, அதன் கட்டைகளுக்கு வேண்டிய தந்தத்தை உத்தேசித்து, ஒரு யானையும் உபரிப் பரிசாக அறிவிக்கப்பட்டது. யானைக்குப் பதிலாக 4,000 டாலர் கொடுத்துவிடலாம் என்பது நிகழ்ச்சியினரின் எண்ணம். வென்றவரோ யானையேதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, முடிவில் அதையே பெற்றுக்கொண்டார். ஆனால் தாம் கேளாமலே யானையைக் கட்டித் தீனி போட நேர்ந்தவர்களின் சங்கடம் வேறு. அதை மிகுதிப்படுத்துவது வரி.

பிரிட்டனில் இத்தகைய பரிசுக்கு வருமான வரி கிடையாது. அமெரிக்காவிலோ, 1954-ஆம் வருஷத்து வருவாய்ச் சட்டம் பரிசுகளையும் வருமானமாகவே கருத வேண்டும் என்று திட்டவட்டமாக விதித்தது. வரி பணமாகச் செலுத்தப்பட வேண்டியது. பரிசோ படகாகவும் பிரயாணமாகவும் இருக்கிறது. அப்படியானால் எந்த மதிப்புக்கு வரி கட்டுவது என்ற கேள்வி அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. 1948-இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைக்கப்பட்ட ஒருவர், ஒலித்த பாட்டின் பெயரைச் சரியாகச் சொல்லி, நியூயார்க்கிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்குக் கப்பலில் முதல் வகுப்பில் போய்வர இரண்டு டிக்கெட்டுகளை வென்றார். அவற்றின் விலை 2,220 டாலர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 4,500 டாலருக்குச் சற்று அதிகம். வீட்டில் மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாத அந்த டிக்கெட்டுகளை அவர் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்து, மேற்கொண்டு பன்னிரண்டரை டாலரும் செலுத்தி, ரியோ டி ஜெனிரோவுக்குச் சாதாரண வகுப்பில் நான்கு டிக்கெட்டுகளாக மாற்றிக்கொண்டார். அவருடைய மனைவி பிறந்தது பிரேஸிலில். பரிசு தமக்குப் பொருந்தாதபோது அதைத் தம் குடும்பத்துக்குப் பொருத்தமானதாக ஆக்கிக்கொண்ட அவருடைய விவேகம் என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது.

வரிக் கணக்கில் அவர் காட்டிய மதிப்பு 520 டாலர். அதிகாரிகள் முழு விலையையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். வழக்கு வரி நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தத் தம்பதி வாழ்க்கையில் எப்படியும் பணம் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய பொருளன்று இது, அவர்களுடைய சக்திக்கு மீறிய ஓர் ஆடம்பரத்தை அநுபவிக்கக் கிடைத்த சந்தர்ப்பமே, ஆதலால் கடை விலை அவர்களுக்கு உரிய மதிப்பாகாது என்று 1954-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 1,400 டாலர் என்று நிர்ணயித்தது. அந்தத் தொகையை எவ்வாறு கணித்தது என்று விளக்கவில்லை. ஆயினும், பொருளின் விலை வேறு, பெற்றவருக்கு அதனால் விளையும் பிரயோஜனம் வேறு என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டதை நான் பெரிய நியாயமாகவே மதிக்கிறேன்.

ஆனால் நடைமுறையில் வரி கணக்கிடப்படுவது பெரும்பாலும் சந்தை மதிப்பின்மீதே. 2004 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி தம்முடைய அரங்கில் அமர்ந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புதிய போண்டியாக் கார் அளித்தார். அது போட்டியன்று, எனினும் வரி விஷயத்தில் வித்தியாசமில்லை. ஒவ்வொரு காரும் ஏறத்தாழ 28,000 டாலர் மதிப்புள்ளது. வருமான வரியாக ஒருவருக்குச் சுமார் 6,000 அல்லது 7,000 டாலர் வரும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. வரியைக் கட்டிக் காரை வைத்துக்கொள்ளலாம், விற்று அதிலிருந்து கட்டலாம், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நம் நாட்டிலோ, 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவு இன்னும் கண்டிப்பான முறையை வகுத்தது. பரிசு முழுவதும் பொருளாக இருக்குமானால், அதற்குரிய முப்பது சதவீத வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே வழங்குகிறவர் அதை ஒப்படைக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க் காரை வென்ற ஒரு பள்ளி ஆசிரியர், சாவியை வாங்குமுன் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் திரட்டியாக வேண்டும்.

இதற்குப் பரிகாரம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் மாண்டி ஹால் நடத்திப் பிரசித்தி பெற்ற ‘லெட்ஸ் மேக் எ டீல்’ நிகழ்ச்சியில், தவறான கதவைத் தேர்ந்தவருக்குக் கழுதை போன்ற வேடிக்கைப் பரிசுகள் கிடைக்கும். சட்டப்படி அவை வென்றவருக்கே சொந்தம். ஆயினும் ஒளிப்பதிவு முடிந்ததும் அவற்றுக்குப் பதிலாக ஆறுதல் பரிசு ஏதேனும் கொடுக்க முன்வருவார்கள். நகரவாசிக்குக் கழுதையால் பயனில்லை என்பதை அறிந்தவர்களுக்கு, நீச்சலே தெரியாதவருக்குப் படகினால் பயனில்லை என்பது தெரியாதா? நல்ல பரிசை வென்றவருக்கும் ரொக்கத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

அவ்வாறு மாறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1975-இல் தொடங்கிய ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ நிகழ்ச்சியில், புதிரை விடுவித்துத் தொகையை வென்றவர், மேடையிலேயே அடுக்கி வைத்திருந்த மேஜை நாற்காலிகளையும் அலங்காரச் சாமான்களையும் அந்தத் தொகைக்கு வாங்க வேண்டும். பெரிய சாமான்களை வாங்கியபின் மீந்த தொகைக்கு எதையாவது தேட நேர்ந்தவர்களுக்காகவே இருந்ததுபோல, ஆளுயரம் இல்லாவிட்டாலும் அலமாரியில் அடங்காத பீங்கான் டால்மேஷன் நாய் ஒன்று பல காலம் அங்கே அமர்ந்திருந்தது. 1987-இல் மாலை நேர ஒளிபரப்பில் இந்தக் கடையை எடுத்துவிட்டு, வென்ற தொகையை ரொக்கமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். சாமான் வாங்கச் செலவான நேரம் மிச்சமாகி, ஒரே நாளில் கூடுதலான புதிர்களை ஆடுவதற்கும் இடம் கிடைத்தது.